எண் பெரிதா, வேலை பெரிதா?

பழைய மடிக்கணினிச் செயலிகள் இரண்டைப் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

நூல் வாங்கப் புகும் நெசவாளர் எவரும் எண்ணைக் கண்டு மயங்குவதில்லை. 40-ஆம் நம்பர் பருத்தி நூலென்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் 40 அடங்கும். 80-ஆம் நம்பரென்றால் அதே எடையில் 80 சிட்டங்கள் அடங்கும். ஆகவே எண் ஏற ஏற இழை மெலியும். இஃது அவர் கைக்கே தெரிந்த பாடம். 80 என்பது 40-ஐக் காட்டிலும் பெரிய எண்தான். எனினும் போர்வை நெய்ய வேண்டியவர் 80-ஆம் நம்பரைத் தேடிப் போவதில்லை. எந்த எண் எதை அளக்கிறது, நமக்கு வேண்டிய துணி யாது என்னும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தே நூலைத் தேர்கிறோம். இத்தனை விவேகமுடைய நாம், கணினி வாங்கப் போகுமிடத்தில் மட்டும் அதன்மேல் ஒட்டியுள்ள சீட்டின் எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அதனால் விளையக்கூடிய நஷ்டத்தை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் சங்கத்தின் கிளைக் கிடங்கு ஒன்றில் சில காலத்துக்கு முன் நேர்ந்த பிசகை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுவது நலம். நூல் வழங்கும் பதிவேட்டை அங்கே கணினியில் எழுதி வந்தோம். கணினியோ மிகப் பழையது. ஓர் அங்கத்தினரின் கணக்கை மூடி அடுத்தவரின் கணக்கைத் திறப்பதற்குள் வாசல்வரை வரிசை நீண்டுவிடும். காத்திருக்க மாட்டாத குமாஸ்தா துண்டுச் சீட்டுகளில் குறித்து வைத்துக்கொண்டு, மாலையில் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றுவார். அவ்வாறு ஏற்றிய ஒரு நாளில் ஒரு சீட்டு இருமுறை ஏறிவிட்டது. பெறாத நூலுக்கு ஓர் அங்கத்தினர் பேரில் பற்று விழுந்தது. வாரக் கூலியிலும் பிடித்தம் ஆயிற்று. அவர் வந்து கேட்ட பின்னரே தவறு வெளிப்பட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. ஆனால், "என் கண்முன் எழுதியிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனே" என்று அவர் கூறிய சொல்லுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

அதன்மேல் அக்கிடங்குக்கு வேறு கணினி வாங்குவதென்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. கையிலிருந்த தொகைக்குப் பழைய மடிக்கணினியே கிட்டும். பத்து அங்குலத் திரையுடைய சிறு கணினிகள் இரண்டு பார்வைக்கு வந்தன. ஒன்றில் இருந்தது இன்டெல் நிறுவனத்தின் ஆட்டம் என்450 என்னும் செயலி. மற்றதில் இருந்தது ஏ.எம்.டி. நிறுவனத்தின் சி-50. கடைக்காரர்கள் புராசஸர் என்று வழங்குவதையே இங்குச் செயலி என்கிறோம். கணினியின் கணக்கு வேலை அனைத்தும் நடக்கும் சில்லு அது.

குழுவில் இரண்டு அபிப்பிராயங்கள் எழுந்தன. "முதலாவதன் வேகம் 1.66 கிகாஹெர்ட்ஸ், இரண்டாவதன் வேகம் 1.0 மட்டுமே. ஆகவே முதலாவதே விரைவானது" என்றனர் சிலர். "முதலாவதற்கு 5.5 வாட்; இரண்டாவதற்கு 9 வாட். ஆகவே முதலாவதே சிக்கனமானது" என்றனர் வேறு சிலர். காரணங்கள் இரண்டாயினும் முடிவு ஒன்றே. இரண்டு எண்களும் பொய்யல்ல. ஆயினும் அவற்றிலிருந்து அந்த முடிவு பிறக்குமா என்பதை ஆராய்ந்து எழுதுமாறு குழுவினர் நம்மைப் பணித்தனர்.

இச்சிறு கணினிகள் தோன்றிய வரலாறு

குறைந்த மின்சாரத்தில் இயங்கும் மலிவான கணினி வேண்டும் என்ற எண்ணம், உலகின் ஏழைச் சிறுவர்களை முன்னிட்டே வலுப்பெற்றது. 2005-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரபான்டி, குழந்தைக்கொரு மடிக்கணினி என்னும் திட்டத்தை அறிவித்து, நூறு டாலரில் ஒன்று தருவதாகச் சொன்னார். விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. எனினும் 2007-இல் உற்பத்தியான அப்பச்சை நிறக் கணினி, 433 மெகாஹெர்ட்ஸ் செயலி ஒன்றைக் கொண்டு பள்ளிப்பாடம் நடத்த முடியும் என்பதை உலகுக்குக் காட்டியது. அவ்வாண்டின் இறுதியில் தைவான் நாட்டு ஆசஸ் நிறுவனம் ஏழு அங்குலத் திரையுடன் ஈ பி.சி. 701 என்னும் கணினியை வெளியிட, நெட்புக் என்ற இனமே பிறந்தது.

2008-இல் இன்டெல் நிறுவனம் இவ்வினத்துக்கென்றே ஆட்டம் என்னும் செயலிக் குடும்பத்தை வெளியிட்டது. அதில் பரவலாக விற்ற என்270 என்பதன் வாட் எண் 2.5 மட்டுமே. கேட்டவர் அனைவரும் வியந்தனர். ஆனால் அச்செயலியுடன் அவசியம் இணைந்திருக்க வேண்டிய துணைச் சில்லுகள் இரண்டு பழைய வார்ப்பானவை. அவற்றின் வாட் எண்கள் 6-உம் 3.3-உம் ஆகும். மூன்றையும் கூட்டினால் 11.8. நெய்பவரிடம் சிக்கனம் பார்த்துவிட்டு, அவருக்கு உதவியாக நிற்பவர்களுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு செலவிட்ட கதைதான் அது.

2010-இன் தொடக்கத்தில் கடைகளுக்கு வந்த என்450 இக்குறையை நீக்கியது. நினைவகத்தை ஆளும் பகுதியையும் படம் வரையும் பகுதியையும் செயலியின் சில்லுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டனர். அதனால் செயலியின் வாட் எண் 2.5-லிருந்து 5.5 ஆக ஏறியது. துணைச் சில்லு ஒன்றே எஞ்சி, அதன் எண் 2.1 ஆயிற்று. மொத்தம் 7.6. செயலியின் எண் இரு மடங்குக்கு மேல் ஏறியும், மொத்தத் தொகை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. சீட்டில் உள்ள ஓர் எண்ணை மட்டும் பார்ப்பவர் இதனைத் தலைகீழாகவே புரிந்துகொள்வார்.

சி-50 வெளிவந்தது 2011 ஜனவரியில். ஏ.எம்.டி. நிறுவனம் இதனில் முழு வல்லமையுள்ள கோர்கள் இரண்டையும், ரேடியான் எச்.டி. 6250 என்னும் படப் பகுதியையும் ஒரே சில்லில் அமைத்தது. கோர் என்பது தானே தனித்து வேலை செய்யவல்ல கணக்கு உறுப்பு. ஆட்டம் என்450-இல் அது ஒன்றே உண்டு.

தாளத்தின் எண்ணிக்கையும் வேலையின் அளவும்

கிகாஹெர்ட்ஸ் என்பது செயலியின் தாளம். 1.66 என்றால் விநாடிக்கு 166 கோடித் தாளங்கள், 1.0 என்றால் 100 கோடித் தாளங்கள். நிமிஷத்துக்கு இத்தனை முறை நாடா ஓடுகிறது என்று சொல்வதைப் போன்றது இது. நாடா ஓடிய தடவைகளைக் கொண்டு மட்டும் நெய்த துணியின் நீளத்தைச் சொல்லிவிட முடியுமா? இழை அறுந்து தறி நின்ற நேரம் எவ்வளவு, தார் மாற்றக் காத்திருந்த நேரம் எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டாவா?

இவ்விரு செயலிகளிலும் ஒவ்வொரு கோரும் ஒரு தாளத்துக்கு இரண்டு கட்டளைகள் வரையில் ஏற்கவல்லது. வேற்றுமை தோன்றுவது காத்திருக்கும் நேரத்தில்தான். கட்டளைக்கு வேண்டிய தகவல் செயலிக்குள் இல்லாமல் வெளியே நினைவகத்தில் இருக்குமாயின், அது வந்துசேர ஏறத்தாழ ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். மனிதனுக்கு அது நேரமே அன்று. ஆனால் அதற்குள் ஆட்டத்துக்கு 166 தாளங்களும், சி-50-க்கு 100 தாளங்களும் கடந்துவிடும். விரைந்து தாளம் போடுபவருக்கே வீணாகும் தாளமும் மிகுதி.

அந்த இடைவேளையில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பதே இவ்வொப்புநோக்கின் உயிர்நிலை. ஆட்டம் கட்டளைகளை வந்த வரிசையிலேயே நிறைவேற்றும். முன்னால் உள்ளது தடைப்பட்டால் பின்னால் உள்ளவையும் நிற்கும். சி-50 அவ்வாறன்று. நம் பாவு ஓட்டும் கூடத்து மேஸ்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் உத்தரவுக்குரிய சாயநூல் இன்னும் உலரவில்லை என்றால், அவர் ஆட்களைச் சும்மா உட்கார வைப்பதில்லை. நூல் தயாராயுள்ள மூன்றாம் உத்தரவை எடுத்துக் கொடுக்கிறார். ஆனால் முடிந்த பாவுகளைப் பதிவேட்டில் ஏற்றும்போது முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்ற வரிசை பிறழாமல் ஏற்றுகிறார். சி-50-இன் ஒவ்வொரு கோரிலும் இத்தகைய மேஸ்திரி ஒருவர் உண்டு. ஆட்டத்தில் அவர் இல்லை.

இஃது ஆட்டத்தை வகுத்தவர்களின் அறியாமையன்று. மேஸ்திரிக்கும் சம்பளம் உண்டு; வரிசையை மாற்றிப் பின் சீராக்கும் அமைப்பு மின்சாரத்தைத் தின்னும். ஆகவே சிக்கனம் கருதி அதை வேண்டுமென்றே விலக்கினர். அதற்கு ஈடாக வேறோர் உபாயம் செய்தனர். ஒரே கோர் இரண்டு வேலைகளை மாறிமாறிக் கவனிக்கும்படி அமைத்தனர். விசைத்தறிக் கூடத்தில் ஒரே ஆள் இரண்டு தறிகளைப் பார்ப்பது போன்றது அது. ஒன்று நின்றபோது மற்றது ஓடும். காலம் வீணாவது குறையும் என்பது மெய். ஆயினும் ஆள் ஒருவரே. சி-50-இல் தறிக்கொருவராக இரண்டு பேர் இருக்கின்றனர்.

பயன் யாதெனில், 1.0 கிகாஹெர்ட்ஸ் சி-50 பெரும்பாலான கணக்கு வேலைகளில் 1.66 கிகாஹெர்ட்ஸ் ஆட்டத்துக்குப் பின்தங்கவில்லை. இரண்டு வேலைகள் ஒருங்கே நடக்கும் இடத்தில் முந்தியும் நின்றது. எண் ஐந்தில் மூன்று பங்கே, வேலையோ குறையவில்லை.

ஆட்டத்தின் பக்கத்திலும் ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் இரு பாதுகாப்புக் குறைகள் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. வருங்கட்டளையை ஊகித்து முன்கூட்டியே நிறைவேற்றும் செயலிகளில், அந்த ஊகத்தின் சுவடுகள் வழியே இரகசியங்கள் கசியக்கூடும் என்பதே குறை. வரிசையை மீறாத பழைய ஆட்டம் செயலிகளை இரண்டுமே தீண்டவில்லை. ஏ.எம்.டி. செயலிகளை முதற்குறை தீண்டவில்லை. இரண்டாவது குறையிலிருந்து அவை முற்றும் தப்பவில்லை.

வாட் என்னும் எண் சொல்வதும் சொல்லாததும்

5.5 என்றும் 9 என்றும் சீட்டுகள் கூறும் வாட் எண், செயலி எப்பொழுதும் உண்ணும் மின்சாரத்தின் அளவன்று. கடும் வேலையில் செயலி வெளியிடும் வெப்பத்தில் எத்தனை வாட்டை அகற்றும்படி விசிறியும் உலோகத் தகடும் அமைக்கப்பட வேண்டும் என்று, கணினியை வடிவமைப்பவருக்குச் சொல்லும் குறிப்பு அது.

ஆசஸ் நிறுவனம் 2010-இல் விற்ற ஈ பி.சி. 1005பி.இ. என்பதையே எடுத்துக்கொள்வோம். அதில் என்450 செயலியும் 63 வாட்-மணி பாட்டரியும் இருந்தன. 14 மணி நேரம் வரை ஓடும் என்று விளம்பரம் செய்தனர். 63-ஐ 14-ஆல் வகுத்தால் 4.5 வாட். திரை, வட்டு, எல்லாம் அடங்கிய முழுக் கணினிக்கும் அது சராசரி. செயலிக்கு மட்டும் குறித்த 5.5-ஐ விடக் குறைவு. விளம்பரக் கணக்கு திரையை மங்கலாக்கி வைத்துப் போட்ட தாராளக் கணக்காகவே இருக்கட்டும். செயலி தன் நேரத்தில் பெரும்பகுதியைச் சும்மா இருந்தே கழிக்கிறது என்பதை அது விளக்கவில்லையா? குமாஸ்தா ஓர் எழுத்தைத் தட்டி அடுத்த எழுத்தைத் தட்டுவதற்குள் செயலிக்கு எத்தனையோ கோடித் தாளங்கள் ஓய்வு.

உழவர்களுக்கு இவ்விஷயம் புதிதன்று. தொட்டியை 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணியில் நிரப்புகிறது. அதே தொட்டியை நிரப்ப 3 குதிரைத்திறன் மோட்டாருக்கு இரண்டு மணி ஆகிறது என்று கொள்வோம். இழப்புகளை விட்டுக் கணக்கிட்டால், முன்னதற்கு ஏறத்தாழ 3.7 யூனிட், பின்னதற்கு ஏறத்தாழ 4.5 யூனிட். மீட்டர் காட்டுவது திறனை மட்டுமன்று, திறனையும் காலத்தையும் பெருக்கிய தொகையை. செயலியும் அப்படியே. வேலையை விரைவில் முடித்து உறங்கப் போகும் செயலிக்கு வாட் எண் சற்று மிகுந்திருப்பினும் அது ஊதாரி ஆகிவிடாது.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் 3.5 வாட். நாள் தவறாமல் 8 மணி நேரம் அந்த வித்தியாசம் முழுமையாகவே செலவாகிறது என்று கொண்டாலும், ஆண்டில் 300 நாளுக்கு 8.4 யூனிட்தான் வரும். கிடங்கின் மின்கட்டணத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஆகவே மின்கட்டணத்தைக் காட்டி இவற்றுள் ஒன்றைத் தள்ளுவதற்கு இடமில்லை.

பாட்டரியில் ஓட வேண்டிய இடத்தில் மட்டும் நிலை வேறு. அங்கே ஒவ்வொரு வாட்டும் நேரமாகிறது. 10.8 வோல்ட், 4.4 ஆம்பியர்-மணி அளவுள்ள பாட்டரியில் ஏறத்தாழ 47.5 வாட்-மணி அடங்கும். முழுக் கணினியும் 8 வாட் எடுத்தால் ஆறு மணி நேரம் வரும். 12 வாட் எடுத்தால் நான்கு மணி நேரமே வரும். ஒத்த பாட்டரியுடன் ஆட்டம் நெட்புக்குகளே பொதுவாக நீடித்து ஓடின. இந்தப் பெருமையை அவற்றிடமிருந்து பறிக்க நாம் விரும்பவில்லை.

நினைவகமும் இயங்குதளமும்

செயலிகளின் வேகத்தைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு, நம் கிடங்கின் காரியத்தைத் தீர்மானிப்பது அந்த வேகமே அன்று என்று சொல்வது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். தீர்மானிப்பது நினைவகம்.

ஆட்டம் என்450 ஏற்பது டி.டி.ஆர்.2 இன நினைவகம். அதிலும் 2 ஜி.பி.க்கு மேல் ஏற்காது. அந்த எல்லை செயலிக்குள்ளேயே வகுக்கப்பட்டது; பணம் கொடுத்து நீக்கிக்கொள்ள முடியாது. சி-50 டி.டி.ஆர்.3 இனத்தை ஏற்கும், 4 ஜி.பி. பொருத்தி வேலை வாங்கலாம். இக்காலத்துப் பிரவுசரில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தாலே 2 ஜி.பி. நிரம்பிவிடுகிறது. நிரம்பியபின் கணினி, நினைவகத்தில் வைக்க வேண்டியதை வட்டில் எழுதி எழுதி எடுக்கத் தொடங்கும். குமாஸ்தா துண்டுச் சீட்டைத் தேடுவது அந்த நேரத்தில்தான்.

படக்காட்சியைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. சி-50-இன் படப் பகுதி ஆட்டத்தினுடையதைவிடப் பன்மடங்கு வல்லது. எச்.264 என்னும் முறையில் அமைந்த சலனப்படத்தை அது தானே விரித்துக் காட்டும். ஆட்டம் அதற்குத் திணறும். ஆனால் பின்னாளில் வந்த வி.பி.9, ஏ.வி.1 ஆகிய முறைகள் இரண்டுக்குமே அந்நியமானவை. நூல் பதிவேட்டுக்குச் சலனப்படம் வேண்டியதில்லையாதலால் இதனை விரிக்காமல் விடுகிறோம்.

இயங்குதளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இவ்விரு செயலிகளுக்கும் அனுமதிக்கவில்லை. அங்கத்தினர்களின் பெயரும் கணக்கும் அடங்கிய பதிவேட்டை, திருத்தம் நின்றுபோன இயங்குதளத்தில் வைத்து இணையத்தில் உலவவிடுவது பூட்டில்லாத பெட்டியில் ரொக்கம் வைப்பதற்கு ஒப்பாகும். எஞ்சிய வழி, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 இரண்டிலும் இயங்கும். கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் உண்டு. தமிழில் எழுதவும் தடையில்லை. ஆனால் டெபியன் 13 முதற்கொண்டு 32-பிட் கணினிகளில் புதிதாக நிறுவ வழியில்லை. என்450-உம் சி-50-உம் 64-பிட் இனத்தவை. முன்னே கூறிய என்270 அவ்வாறன்று. பெயரில் சிறிது வேறுபாடு. பயனில் பெரும் பள்ளம்.

இவ்விரண்டு செயலிகளும் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. பின்னாளில் கழற்றி மாற்ற இயலாது. வட்டையோ பெரும்பாலான நெட்புக்குகளில் மாற்றிக்கொள்ளலாம். சுழலும் பழைய வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால், கணினி விழிக்கும் நேரமும் பதிவேடு திறக்கும் நேரமும் கண்கூடாகக் குறையும். இரு செயலிகளுக்கும் இடையே உள்ள வேக வேற்றுமையைவிட இதனால் வரும் வேற்றுமை பெரிது.

கண்டதும் செய்ததும்

இரண்டு கணினிகளையும் ஒரு முழு நாள் கிடங்கின் மேசையில் வைத்து, நம் பதிவேட்டையே இரண்டிலும் ஏற்றி, குமாஸ்தாவையே இயக்கச் சொல்லிப் பார்த்தோம். பதிவேடு மட்டும் திறந்திருந்தவரையில் ஆட்டத்தின் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுத்தும் கூட்டலும் தாமதமின்றி நடந்தன. பதிவேட்டுடன் தலைமைச் சங்கத்தின் கடிதங்களைப் பார்க்கப் பிரவுசரையும் திறந்தபோது அது தளர்ந்தது. மீண்டும் பதிவேட்டுக்கு வரும்போதெல்லாம் குமாஸ்தா நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார். 4 ஜி.பி. பொருத்திய சி-50-இலும் விரைவு என்று புகழத்தக்கது எதுவுமில்லை. எனினும் வரிசையில் நின்றவரை அது காக்க வைக்கவில்லை.

ஆகவே நூல் வழங்கும் மேசைக்குச் சி-50-ஐ எஸ்.எஸ்.டி.யுடன் வாங்கவும், மற்றதை விலக்காமல் விளைபொருள் கொள்முதல் களத்துக்கு எடுத்துக்கொள்ளவும் நாம் சிபாரிசு செய்தோம், குழுவும் ஏற்றது. களத்தில் மின்சாரம் இல்லை. எடைக் கணக்கு ஒன்றே வேலை. பிரவுசருக்கு அங்கே அவசியமும் இல்லை. நல்ல பாட்டரி ஒன்றுடன் காலை முதல் பிற்பகல் வரை நின்று ஓடுவதே தேவை. ஆட்டம் எதற்காகப் படைக்கப்பட்டதோ அந்த வேலையே அதற்குக் கிடைத்தது.

ஒளிக்காமல் மற்றொன்றும் கூறுவோம். கையில் தொகை இருக்குமாயின் பழையதைத் தேடாமல் புதியதை வாங்குவதே மேல். 2023-இல் வந்த இன்டெல் என்100 போன்ற எளிய செயலியில்கூடக் கோர்கள் நான்கு. அதன் வாட் எண் 6. விண்டோஸ் 11-உம் அதில் ஓடும். பழையதை வாங்குவது கைமுடைக்குச் செய்யும் பரிகாரமேயன்றிப் பெருமையன்று.

பழையது வாங்குவோர் கவனிக்க

பிற கிளைகளும் வீடுகளில் மாணவர்களை உடைய அங்கத்தினர்களும் இத்தகைய கணினிகளை வாங்கக்கூடுமாதலின், சுருக்கமாகச் சில குறிப்புகள் தருகிறோம்.

1. "ஆட்டம்" என்ற குடும்பப் பெயரோடு நின்றுவிடாமல் முழு எண்ணையும் கேளுங்கள். என்270 என்றால் 32-பிட், விலக்குங்கள். என்455 என்பது என்450-க்கு உடன்பிறப்பு, டி.டி.ஆர்.3 நினைவகத்தை ஏற்கும் என்பதே வேற்றுமை. என்550-இல் கோர்கள் இரண்டு.

2. பிந்தி வந்ததெல்லாம் சிறந்தது என்று நம்பாதீர்கள். என்450-க்குப் பின் வந்த என்2600-இன் படப் பகுதி வேறு இனத்தது. லினக்ஸில் அதனோடு மல்லாட நேரும்.

3. ஏ.எம்.டி. பக்கத்தில் சி-60 என்பது சி-50-ஐ ஒத்தது. தேவை நேரும்போது 1.33 கிகாஹெர்ட்ஸ் வரை தாளத்தை உயர்த்திக்கொள்ளும். இ-350 அதனினும் விரைவானது. வாட் எண் 18. எப்போதும் மின்சாரம் உள்ள மேசைக்கு அது தக்கது.

4. பாட்டரி உப்பியிருந்தால் அதைத் தொடர்ந்து உபயோகிக்க வேண்டாம். தீப்பற்றும் அபாயம் உண்டு. பழைய பாட்டரிக்கு விலையே இல்லை என்று கொண்டு பேரம் பேசுங்கள்.

5. உங்கள் பதிவேட்டை ஒரு பென் டிரைவில் எடுத்துச் சென்று, கடையிலேயே திறந்து எழுதிப் பாருங்கள். சீட்டில் உள்ள எந்த எண்ணும் இந்தச் சோதனைக்கு ஈடாகாது.

6. பழைய கணினி எந்நாளும் நின்றுவிடக்கூடும். கணக்கின் பிரதி ஒன்றை வாரந்தோறும் வேறிடத்தில் வையுங்கள்.

குழுவில் எழுந்த இரண்டு வாதங்களுக்கும் விடை இப்பொழுது தெளிவு. கிகாஹெர்ட்ஸ் தாளத்தை எண்ணுகிறது, வேலையை எண்ணவில்லை. வாட் எண் வெப்பத்துக்கு எல்லை வகுக்கிறது, செலவை அளக்கவில்லை. வரிசையில் நிற்கும் அங்கத்தினர் தம் நூலைப் பெற்றுக்கொண்டு திரும்புவதற்குள் அவர் கணக்கு அவர் கண்முன் ஏறுகிறதா என்பதே நம் சங்கத்துக்கு ஏற்ற அளவுகோல். இந்த எண்ணத்தோடு, மேசையின் மறுபுறம் அங்கத்தினர் பார்க்கும்படி பழைய திரை ஒன்றையும் இணைத்து வைத்திருக்கிறோம். கிடங்குக்கு வரும் அங்கத்தினர்கள் அதனைப் பார்த்து, தம் பேரில் ஏறிய சிட்டங்களின் எண்ணிக்கை சரிதானா என்று அன்றன்றே சொல்லிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். துண்டுச் சீட்டு எழுதும் வழக்கம் அங்கே நிறுத்தப்பட்டுவிட்டது.